தராசுத் தட்டின் அடியில் உள்ள அலுமினியக் கட்டை



கடந்த புளி சீசனில் எங்கள் மண்டியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் கொட்டை எடுத்த புளி கொண்டுவந்தார். ஊரில் தூக்குத் தராசில் நிறுத்து, 25 கிலோ என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் எலக்ட்ரானிக் தராசு 24 கிலோ 200 கிராம் காட்டியது. "உங்க மிஷின்லதான் ஏதோ கோளாறுங்க" என்றார். முத்திரை போட்ட தராசைக் குறை சொல்கிறாரே என்று எங்களுக்குக் கோபம். 1 கிலோ படிக்கல்லை வைத்துக் காட்டினோம், சரியாக இருந்தது. 5 கிலோ கல்லும் சரி. அவர் மேற்கொண்டு பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரவு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் 5 கிலோ கற்களை இரவல் வாங்கி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தோம். 5, 10, 15 வரை ஒரு குறையும் இல்லை. 20 கிலோவுக்கு 19.600 காட்டியது. 25 கிலோவுக்கு 24.200. அந்த அம்மாள் சொன்னதே சரி.

அது பழைய தராசு. ஓசூர் நம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், அதாவது 2004-க்கு முன்னால், வாங்கியது. முத்திரைக் கம்பி கட்டிய பெட்டியைத் தொடாமல், மேல் தட்டை மட்டும் தூக்கினோம். உள்ளே மின்சாரச் சாமான் என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படவில்லை. சோப்புக் கட்டி போல நீளமாக ஓர் அலுமினியக் கட்டை. அதன் நடுவே இரண்டு வட்டத்தை ஒட்டவைத்தாற்போல ஒரு துளை. மேலும் கீழும் வெள்ளைப் பசை அப்பியிருந்தது. பசைக்குள்ளிருந்து நான்கு மெல்லிய ஒயர்கள் போயின. சுற்றிலும் நான்கு மூலையில் நான்கு போல்ட்டுகள். கடைப்பையன் "அது சும்மா தாங்கு கட்டைங்க ஐயா" என்றான். இருபது வருடத்துக்கு மேல் வியாபாரம் செய்த தராசு, எங்களுக்கும் வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தர்மபுரியிலிருந்து லைசென்ஸ் உள்ள மெக்கானிக் வந்து விளக்கினார். அந்தக் கட்டைதான் தராசே. மற்றதெல்லாம் அதற்கு வேலைக்காரர்கள். அதற்கு லோடு செல் என்று பெயர். துளைக்கு மேலும் கீழும் அலுமினியம் மெலிந்திருக்கும் இடங்களில், பசைக்கு அடியில், நான்கு மெல்லிய உலோகப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. இரண்டு பட்டைகள் நீளும், இரண்டு சுருங்கும். நீண்டால் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். கம்பியை இழுத்தால் தடை மாறும் என்பதை 1856-லேயே கெல்வின் கண்டிருக்கிறார். அதை ஒட்டுப் பட்டையாக்கியவர்கள் 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர், தனித்தனியாக.

மாறுகிற அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பட்டையின் தடை 350 ஓம் என்றால், முழுப் பாரத்துக்கும் அது சுமார் 0.7 ஓம்தான் மாறும். 30 கிலோ தராசு 5 கிராம் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் அந்த முக்கால் ஓமுக்கும் குறைவானதை 6,000 பங்காக்க வேண்டும். மூட்டையைத் தட்டின்மேல் பொத்தென்று போடும் பையனிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

பழைய தராசில் இப்படி ஒரு கட்டை கிடைத்து, லேபிளும் அழிந்திருந்தால் லோடு செல்தானா என்று கண்டுபிடிக்க மெக்கானிக் ஒரு வழி காட்டினார். ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் இரண்டிரண்டாக அளந்தால் மொத்தம் ஆறு ஜோடி. எங்களுடையதில் இரண்டு ஜோடி பெரிய எண் காட்டின: ஒன்று 400 ஓம் அளவில், ஒன்று 350. மீதி நான்கும் 300-க்குக் கீழே, ஏறக்குறைய ஒரே அளவு. நான்கு பட்டைகளும் சதுரமாகக் கோத்திருப்பதால் எதிரெதிர் மூலைக்குத் தடை கூடுதல், அடுத்தடுத்த மூலைக்குக் குறைவு. இரண்டு பெரிது, நான்கு சிறிது என்று வந்தால் லோடு செல்தான். அந்த நான்கில் ஒன்று மட்டும் எங்கோ விலகி நின்றால் உள்ளே பட்டை போய்விட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொடுக்க, பச்சையும் வெள்ளையும் அளவு எடுக்க. ஆனால் எல்லாக் கம்பெனியும் இந்த நிறத்தையே வைப்பதில்லை.

ஒன்றை மீட்டர் சொல்லாது. 20 கிலோ செல்லும் 50 கிலோ செல்லும் ஒரே 350 ஓமாக இருக்கலாம். ஆகவே லேபிள் இல்லாத பழைய செல்லை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் போட வேண்டாம். பெட்டியைத் திறந்தாலே முத்திரை போயிற்று. லைசென்ஸ் உள்ளவர்தான் பழுது பார்க்கலாம். பார்த்த பிறகு முத்திரை ஆய்வாளரிடம் மறுபடியும் முத்திரை வாங்கியாக வேண்டும். நாங்களும் வாங்கினோம்.

இத்தனைக்கும் எங்கள் செல் பழுதாகவே இல்லை. குற்றம் அந்த நான்கு போல்ட்டில். அளவுக்கு மீறிப் பாரம் விழுந்தால் கட்டை ஒடியாமல் தட்டைத் தாங்குவதற்காக, கொஞ்சம் சந்து விட்டு வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்குச் சுத்தம் செய்தபோது பையன் அந்தச் சந்தைப் பார்த்து, தட்டுக்குத் தாங்கல் இல்லை என்று எண்ணி, நான்கையும் மயிரிழை விட்டு உயர்த்தி முடுக்கிவிட்டான். 15 கிலோ வரை தட்டு போல்ட்டைத் தொடவில்லை. அதற்கு மேல் பாரத்தில் ஒரு பங்கை போல்ட் வாங்கிக்கொண்டது. செல்லுக்குத் தெரிந்தது மீதிதான். 1 கிலோ கல்லை வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் தராசை அதன் முழு அளவு வரை படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். ஒரே கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எடை காட்ட வேண்டும். இதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

15 கிலோவுக்கு மேல் கிலோவுக்கு 80 கிராம் வீதம் குறைந்திருக்கிறது. விற்பனையில் அது எங்கள் நட்டம், அதை விட்டுவிட்டோம். கொள்முதல் நோட்டைப் பொங்கலிலிருந்து புரட்டி, 15 கிலோவுக்கு மேல் போட்டவர்களைக் குறித்து வைத்தோம். அந்த அம்மாள் அடுத்த வாரம் வந்தபோது 800 கிராமுக்குப் பணம் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. நோட்டில் "புளி, ரொக்கம்" என்று மட்டும் எழுதியிருக்கிற சில வரிகள் பாக்கி இருக்கின்றன.