முன்பின் தெரியாதவரிடம் ஆர்டர் கேட்பது எப்படி?



கண்காட்சி நடக்கிற நாலு நாளும் நம் பொருள் நன்றாகப் போகிறது. தீபாவளி, பொங்கல் சமயத்திலும் கவலை இல்லை. மற்ற நாட்களில்? அரைத்து வைத்த சாம்பார் பொடி அப்படியே இருக்கிறது, வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. சொந்தக்காரர், பக்கத்து வீடு, குழு உறுப்பினர் என்று எத்தனை பேரிடம்தான் விற்க முடியும்? அவர்களும் மாதம் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்கப் போவதில்லை. அதனால் நம்மைத் தெரியாத கடை, மெஸ், விடுதி, சமையல் காண்ட்ராக்டர் இவர்களிடம் நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

"போன் போட்டு என்னன்னு பேசறது? வேண்டாம்னு சொல்லிட்டா அசிங்கமா இருக்குமே?" இதுதான் பல பேருக்குத் தயக்கம். அதற்குத்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்வோம். முதல் போனில் சரக்கு விற்காது. முகம் தெரியாதவர் சொன்னார் என்று ருசி தெரியாத பொடியை நாம் வாங்குவோமா? முதல் போன் எதற்கு என்றால், யாரைப் பார்க்க வேண்டும், எப்போது வரலாம் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் வாங்கத்தான். இதை மனதில் வைத்தால் பாதி பயம் போய்விடும். நாம் யாரையும் கெஞ்சவில்லை, நேரம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

யாரிடம் கேட்பது?

ஒரே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருபது பேரை எழுதுங்கள். அதற்கு மேல் தூரமானால் லாபம் பஸ் டிக்கெட்டுக்கே போய்விடும். பட்டியலில் முதல் இரண்டு பேர் நம்மை ஓரளவு தெரிந்த கடைக்காரராக இருக்கட்டும். 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கினார்களே, அவர்களும் முதல் நாள் செய்த நாலு பாக்கெட் அப்பளத்தைத் தெரிந்த வியாபாரி ஒருவரிடம்தான் கொடுத்தார்கள். தெரிந்த கடையில் பேசிப் பழகினால் தெரியாத கடையில் நாக்கு ஒட்டாது.

பக்கத்துக் கடைகளுக்கு நேரில் போவதே மேல். கடை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் வியாபாரத்துக்காகவே எண் போட்டிருக்கிற மெஸ், தனியார் விடுதி, காண்ட்ராக்டர் இவர்களிடம் நேரம் கேட்க மட்டும் போன். யாரோ கொடுத்த எண் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். சாதாரண எண்ணிலிருந்து அப்படி விளம்பர அழைப்பு செய்வதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ம் வருட விதிகள் அனுமதிக்கவில்லை. 1909-க்குப் புகார் போனால் நம் இணைப்பையே துண்டித்துவிடலாம்.

எந்த நேரத்தில்?

இதில்தான் பலர் கோட்டை விடுகிறோம். மதியம் ஒரு மணிக்கு ஓட்டலுக்குப் போன் செய்தால் திட்டுத்தான் விழும். மூன்றரைக்கு மேல் செய்யுங்கள். மளிகைக் கடையில் காலையும் மாலையும் கூட்டம், பதினோரு மணிக்கு மேல் போனால் ஆற அமரப் பேசலாம். விடுதி என்றால் மாதச் சாமான் பட்டியல் எந்தத் தேதியில் எழுதுகிறார்கள் என்று கேட்டு, அதற்கு நாலு நாள் முன்னதாகப் போக வேண்டும். கல்யாணச் சமையல்காரரை முகூர்த்த நாளில் பிடிக்கவே முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் அவருக்கு ஓய்வு. அப்போது போய் ருசி காட்டினால் தை மாத ஆர்டருக்கு நம் பெயர் நினைவில் நிற்கும்.

என்ன பேசுவது?

"வணக்கம் சார். நாங்க பக்கத்து ஊர் மகளிர் குழுவிலிருந்து பேசறோம். சாம்பார் பொடி அரைக்கிறோம். ஒரு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லும்மா, வேலையா இருக்கேன்."

"மெஸ்ஸுக்குச் சாமான் வாங்கறது யாருங்க? அவங்களைப் பார்க்க எப்ப வரலாம்? கால் கிலோ சாம்பிள் கொண்டு வர்றோம், காசு வேண்டாம்."

இவ்வளவு போதும். நம் கஷ்டத்தைச் சொல்லி வாங்கச் சொல்லாதீர்கள். பரிதாபப்பட்டு வாங்குகிறவர் ஒரு தடவைதான் வாங்குவார். ருசிக்காக வாங்குகிறவர் மாதா மாதம் வாங்குவார். சாம்பிளை மேனேஜரிடம் மட்டும் கொடுக்காமல் சமையல் மாஸ்டர் கைக்கும் போகும்படி பாருங்கள். அவர் "நல்லா இருக்கு" என்று சொன்னால்தான் காரியம் நடக்கும். பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த தேதி, குழு முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கட்டும்.

"என்ன ரேட்டு?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது. உதாரணத்துக்கு, ஒரு கிலோ பொடிக்குச் சாமான், அரவை, கவர், வண்டிச் செலவு, நம் கூலி எல்லாம் சேர்ந்து 320 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். 370 சொல்கிறோம். அவர் பேரம் பேசி 310-க்குக் கேட்கிறார். ஆர்டர் கிடைத்தால் போதும் என்று தலையாட்டினால், கிலோவுக்குப் பத்து ரூபாய் நாம் கொடுத்து விற்கிறோம். 50 கிலோவுக்கு 500 ரூபாய். எதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்பதைக் குழுவில் பேசி எழுதி வைத்துக்கொண்டு பிறகு போனைத் தொடுங்கள்.

"வேண்டாம்மா, ஏற்கனவே ஒருத்தர் போடறார்" என்றால் அந்த ஒருவரைக் குறை சொல்லாதீர்கள். "சரிங்க, அவர் சரக்கு வராத நாளில் எங்களைக் கூப்பிடுங்க. அடுத்த மாசம் ஒரு தடவை கேட்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் நோட்டில் தேதி போடுங்கள். "கூப்பிடாதே" என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். இருபது பேரில் இரண்டு மூன்று பேர் சாம்பிள் கொண்டுவரச் சொன்னாலே நல்ல தொடக்கம்தான். நோட்டில் பெயர், பேசிய தேதி, என்ன சொன்னார், மறுபடி எப்போது, இந்த நாலு கட்டம் போதும். போன முறை என்ன சொன்னார் என்று நாம் நினைவாகச் சொல்லும்போது அவருக்கும் நம்பிக்கை வரும்.

ஆர்டர் கிடைத்த பிறகு

"வித்துட்டுப் பணம் தர்றேன்" என்பார்கள். முதல் ஆர்டர் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று சிறிதாக, ரொக்கத்துக்கு இருக்கட்டும். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பில்லோடு நிறுத்துங்கள். பழைய பில்லுக்குப் பணம் வந்த பிறகே அடுத்த சரக்கு. பில்லில் கையெழுத்து வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். அந்தப் பணம் முடங்கினால் தவணையை நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று. எந்த உறுப்பினரின் சொந்த எண்ணையும் கொடுக்காதீர்கள். குழுவுக்கென்று ஒரு எண் வைத்து, பேசும்போது கூட ஒருவர் இருங்கள். நேரில் போவதானாலும் இரண்டு பேராகப் போங்கள். நேரங்கெட்ட நேரத்தில் வரும் தேவையில்லாத போன் இதனாலேயே பாதி குறையும். திடீரென்று யாரோ கூப்பிட்டு, "நூறு கிலோ வேணும், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எதற்கும் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இருபது பெயர் எழுதிய நோட்டோடு வாருங்கள். ஒருவர் கடைக்காரராக, ஒருவர் உறுப்பினராக இருந்து பேசிப் பார்ப்போம். கடைக்காரராக நடிப்பவர் கொஞ்சம் முகத்தைச் சுளிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.