மழைக்கால ஆலோசனை: வழுக்கி விழுந்தவரைச் சுளுக்கு என்று படுக்கவைக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இனி கார்த்திகை தாண்டும்வரை தரை காயாது. துணி துவைக்கும் கல்லைச் சுற்றியும் மொட்டைமாடிப் படியிலும் கழிவறை வாசலிலும் பாசி படரும். இதே நாட்களில்தான் தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கவும் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கவும் ஸ்டூல் போட்டு ஏறுகிறோம். முதியவர்களின் இடுப்பெலும்பு பெரும்பாலும் சொந்த வீட்டுக்குள், நடக்கிற தரையிலேயே வழுக்கி விழுவதால்தான் முறிகிறது. ஆகவே வேலையை வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

பாசி படிந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிச் சற்று ஊறவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். அதனோடு ஆசிட் ஊற்றிவிடக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கழிவறையில் சுவரோடு முடுக்கிய கைப்பிடிக் கம்பி ஒன்று வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது, பிடித்தால் பெயர்ந்து கையோடு வந்துவிடும். பழைய புடவையை மடித்து மிதியடியாகப் போடும் பழக்கத்தை டைல்ஸ் தரையில் விட்டுவிடுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியே நிற்கும். மழைக்கு மின்சாரம் போகும் ஊர்களில் பெரியவர்களின் தலையணைக்குப் பக்கத்தில் டார்ச் இருக்கட்டும். இரத்த அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பரண் வேலையை அறுபது தாண்டியவர்கள் செய்யவே வேண்டாம்.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு: முதல் தூறலில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும், தேங்கிய தண்ணீரில் பள்ளம் தெரியாது. பின்னால் உட்கார்ந்து குடை விரிக்காதீர்கள். விபத்து என்றால் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது. பணத்துக்காக யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

விழுந்துவிட்டால்

விழுகிற எவரும் கையை ஊன்றுவார்கள். அதனால் மணிக்கட்டு முறிவது சகஜம். வீக்கம் ஏறுவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். கோணியிருக்கும் கையை நேராக்க இழுக்காதீர்கள். இரண்டு மூன்று செய்தித்தாள்களைச் சேர்த்து மடித்து, ஓடுபோல் வளைத்து, முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை தாங்கும்படி வையுங்கள். வலிக்கும் இடத்துக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. வலிக்கும் இடத்தின் மேலேயே முடிச்சு வேண்டாம். பிறகு துப்பட்டாவைக் கழுத்திலிருந்து தொட்டிலாகக் கட்டிக் கையை அதில் ஏந்துங்கள். விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள்: இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள்.

தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். எலும்பை உள்ளே தள்ள முயல வேண்டாம். எந்த முறிவானாலும் டாக்டர் பார்க்கும்வரை காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்.

எண்ணெய் போட்டு உருவுவது கூடவே கூடாது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் வைத்தியம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அதில் குணமானவர்களும் உண்டு, எலும்பு தானாகவே கூடும் இயல்புடையது. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டினால் கோணலாகக் கூடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இறுக்கம். வீங்கும் கையோ காலோ விரிய இடமில்லாமல் இரத்த ஓட்டம் தடைபட்டால், ஏறக்குறைய 6 மணி நேரத்தில் தசை மீள முடியாமல் சாகத் தொடங்கும். கட்டுக்குள் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரல் மரத்துப்போவது, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிறாற்போல் வலிப்பது: இவை தெரிந்தால் நள்ளிரவானாலும் ஓடுங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்.

பெரியவர்களின் இடுப்பு

கழிவறையில் விழுந்த பாட்டி எழ முடியவில்லை என்கிறார். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தொடையெலும்பின் மேல்பகுதி முறிந்திருப்பதன் அடையாளம் இது. நிற்க வைக்காதீர்கள், ஸ்ட்ரெச்சரில் எடுத்துச் செல்லுங்கள். சிலருக்கு முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நிற்கும்; அவர்கள் நொண்டிக்கொண்டு நடக்கவும் செய்வார்கள். தொடை இடுக்கில் வலி என்று சொன்னால், நடக்கிறாரே என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாமல் வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

“இந்த வயசுல ஆபரேஷனா?” என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் அறுவைச் சிகிச்சை செய்யாமல் படுக்கையில் போடுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு அதிக ஆபத்து: நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் படுக்கைப்புண் வரும், காலில் இரத்தம் உறையும், சிறுநீர்த் தொற்று வரும். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை முடிவதே நல்லது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். அப்போது “பாவம், கிடக்கட்டும்” என்று குறுக்கே நிற்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டும் மழையும்

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான இணைப்புத் திசு உண்டாகி, பிறகு அது கெட்டிப்படும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு கூடச் சுமார் 6 வாரம், கால் எலும்புக்கு 3 மாதமோ அதற்கு மேலோ ஆகும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும். பீடி, சிகரெட் பிடித்தால் தாமதமாகும்.

மாவுக்கட்டு நனைந்தால் ஊறிப்போய்ப் பிடிமானம் இழக்கும். வெளியே போகும்போது பாலித்தீன் பையால் மூடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வேர்வையில் ஈரமாகும். அரிக்கிறது என்று ஈர்க்குச்சியை உள்ளே விடாதீர்கள், புண்ணாகிச் சீழ் பிடிக்கும். விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கேழ்வரகு, எள், பால், முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஒரு நாளைக்குத் தேவை 1000 மில்லிகிராம் அளவு. மழை விட்ட நேரம் வெயிலில் நடந்து வாருங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் அவருடைய எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். கட்டுப் பிரித்ததோடு விஷயம் முடிவதில்லை. அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். டெக்ஸா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி தெரியும், வலுவாக்க மருந்தும் இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஒருமுறையாவது மணிக்கட்டு முறிந்த அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதமே எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.