எரர் கோட் சொல்வது பாகத்தின் பெயரை அல்ல

செக் இன்ஜின் லைட் எரிந்தால் ஸ்கேனரைச் செருகு, எந்தப் பாகம் போய்விட்டது என்று அது சொல்லும், அதை வாங்கி மாட்டு. வீட்டிலேயே கார் வேலை பார்க்க விரும்புகிறவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை இது. ஸ்கேனர் வாங்குவதில் நேரும் தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கோட் தெரிந்தால் போதும் என்று ஒருவர் இருப்பதிலேயே மலிவானதை எடுக்கிறார். ஆயிரக்கணக்கான கோட்களுக்கு விளக்கம் உண்டு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து இன்னொருவர் விலை கூடியதை எடுக்கிறார். இரண்டு பேரும் பணம் கொடுப்பது கோட்டை நம்பித்தான். ஆனால் எரர் கோட் என்பது, காரின் கணினி தானே நடத்திப் பார்க்கும் சோதனைகளில் எது தேறவில்லை என்ற குறிப்பு மட்டுமே. ஏன் தேறவில்லை என்ற பதில் அதில் இருக்காது.

பி0171 என்ற கோட்டை எடுத்துக்கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைக் கவனித்துத் தெரிவிக்க, கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் இந்த விகிதத்தைக் காப்பாற்றுகிறது. கூட்டிக்கொண்டே போய், அந்தத் திருத்தம் வரம்பைத் தாண்டினால் பி0171 பதிவாகும். ஏர் ஃபில்டரை அடுத்த ரப்பர் ஹோஸில் வெடிப்பு, கழன்றுபோன வேக்குவம் குழாய், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் படிந்த அழுக்கு, அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்ப், எக்ஸாஸ்ட் கசிவு என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஆனால் பலர் முதலில் கழற்றி மாற்றுவது ஆக்சிஜன் சென்சாரைத்தான். கண்டதைச் சொன்ன சாட்சியைப் பிடித்து உள்ளே தள்ளுவது போன்றது அது. சென்சாருக்குக் கொடுத்த பணம் போகும், வெடித்த ஹோஸ் அப்படியே இருக்கும், சில நாளில் லைட் மறுபடி எரியும்.

எது காரணம் என்று பிரித்துக் காட்டுவது லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் ஓடும்போதே ஸ்கேனரில் ஓடும் எண்கள். ஃப்யூயல் ட்ரிம் என்ற பெயரில் ஸ்கேனர் காட்டும் சதவீதம், கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைச் சொல்லும். எம்ஏஎஃப் உள்ள காரில், ஐடிலிங்கில் அது கூட்டல் 25 என்று இருந்து, 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்ததும் கூட்டல் 5-க்கு இறங்கினால், வெளிக்காற்று எங்கோ உள்ளே இழுக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்று குறைவு, அதனால் சின்ன ஓட்டை வழியே வருவதுகூடப் பெரிய பங்கு. ரேஸ் ஏறும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டாகாது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, மேட்டில் ஏற்றும்போது எண் உயர்ந்துகொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், எம்ஏஎஃப் அழுக்கையும் மறக்கக்கூடாது. எம்ஏஎஃப் இல்லாமல், உள்ளிழுக்கும் குழாயின் காற்றழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரை வைத்து ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் காற்றுக் கசிவு இப்படித் தெரியாமல், ஐடிலிங் கூடிப்போவதாகவே தெரியக்கூடும். ஆகவே ஸ்கேனர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை கோட் படிக்கும் என்பதல்ல. லைவ் டேட்டாவைக் கிராஃபாகக் காட்டுமா, கோட் பதிவான நொடியின் வேகம், சூடு, லோடு எல்லாம் அடங்கிய ஃப்ரீஸ் ஃப்ரேமைக் காட்டுமா என்பதுதான்.

செல்போனோடு சேரும் சின்ன புளூடூத் அடாப்டரே இதையெல்லாம் காட்டுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்ஜின் புகை தொடர்பான தகவலை எந்தக் கம்பெனி காரும் பொதுவான மொழியில் தர வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் பிஎஸ் 4 விதிகளின் கீழ் 2013 ஏப்ரலிலிருந்தும் ஓபிடி 2 என்ற அந்தப் பொதுமொழி கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட் அதற்காக வந்ததுதான். நல்ல அடாப்டர் இருந்தால் இன்ஜின் வரைக்கும் வேலை நடக்கும். சிக்கல் போலிகளில் இருக்கிறது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இஎல்எம் 327 சிப்பின் நகல்கள்தான் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல 1.5 பதிப்பு என்று சொல்லி விற்கப்படுகின்றன. அந்தக் கம்பெனி அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. சில கட்டளைகளுக்கு நகல்கள் பதிலே தராது. இன்னொன்று: சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வரும். அடாப்டரைச் செருகியபடியே விட்டு ஊருக்குப் போனால் பேட்டரி இறங்கக்கூடும்.

ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றின் உள் தகவலுக்கு அந்தப் பொதுமொழிச் சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மொழி. ஏபிஎஸ் லைட் எரியும்போது அடாப்டர் "கோட் இல்லை" என்று காட்டினால் கார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடாப்டர் அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. பட்டனில் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில் பின் பிரேக் பேட் மாற்ற, ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்து மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பலத்தால் அழுத்தினால் காலிப்பரே கெட்டுவிடும். இத்தகைய வேலை உங்களுக்கு உண்டென்றால் விலை கூடிய கருவி அவசியம். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும் கையால் இழுக்கும் பார்க்கிங் பிரேக்கும் உள்ள காருக்கு அந்தக் கட்டளை தேவையே இல்லை. நாளைக்கு உதவும் என்று வாங்கி வைக்கலாமே என்பவர்கள், அப்டேட்டுக்கு ஆண்டுச் சந்தா உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். விலை கூடியதைத் தவிர்த்தால் மிச்சமாகும் பணத்தில் நல்ல மல்ட்டிமீட்டர் வாங்குவது மேல். சென்சாரில் கோளாறா, அதற்குப் போகும் ஒயரில் கோளாறா என்பதை ஸ்கேனரைவிட அதுதான் தெளிவாகக் காட்டும்.

கோட்டை அழித்தால் கார் சரியாகிவிடும் என்று நம்புவது இவை எல்லாவற்றையும்விடக் கெடுதல். அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும், கணினி முடித்து வைத்திருந்த சோதனைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதே கதி. அழிக்கும் முன் திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். லைட் விட்டுவிட்டு எரிந்தால் அழிப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது: இன்ஜின் மிஸ்ஸிங் ஆகி, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றி அழிக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும்.

கருவியை வாங்கியதும் கோளாறு வரும்வரை அதை உறையில் போட்டு வைக்காதீர்கள். இரவு முழுக்க நிழலில் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் எண் கழித்தல் 40 என்று வந்தால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது சாக்கெட் கழன்றிருக்கிறது. பிறகு இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் ஃப்யூயல் ட்ரிம் என்ன என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, டேஷ்போர்டு பெட்டியிலேயே வையுங்கள். லைட் எரியும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் காரின் நல்ல எண்கள் அங்கே இருக்கும்.