செம்மண் என்றால் சத்தா?

பூந்தமல்லிப் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு மூட்டை செம்மண். "சிவப்பைப் பாருங்க, அவ்வளவும் இரும்புச்சத்து" என்பார் விற்பவர். சிவப்பு இரும்பால் வந்தது என்பதுவரை சரி. ஆனால் அது துரு. மண்துகள்மேல் பூச்சாகப் படிந்திருக்கிறது. தண்ணீரில் லேசில் கரையாததால் வேருக்கு எட்டுவது சொற்பம். நம் செம்மண்ணில் பெரும்பாலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. தண்ணீர் தேங்காமல் வடியும், அதற்காக வாங்கலாம். சத்து வேண்டுமானால் தொழுவுரம்தான்.

கறுப்பு மண் முழுக்க மக்கு என்பது அடுத்த நம்பிக்கை. ரஷ்யக் கரும்மண்ணுக்கு அது பொருந்தும். கோவில்பட்டிக் கரிசலில் கரிமம் பெரும்பாலும் 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. அதன் பலம் களியில்: மழையில் உப்பி ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்தியைக் காப்பாற்றும், கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும்.

நிறத்தைப் பார்த்தால் மண்ணின் வகை தெரிந்துவிடும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேர். இதில் பழைய புத்தகங்களுக்கும் பங்குண்டு. 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்துவிட்டு மைசூர் வழியாக மலபார் போனார். அங்கே அங்காடிப்புரத்தில், வெட்டியெடுத்ததும் காற்றுப்பட்டு இறுகும் செங்கல்மண்ணைக் கண்டு எழுதினார். அதற்கு அவர் வைத்த 'லேட்டரைட்' என்ற பெயர் 1807இல் அச்சேறியது. 1898இல் வேளாண் வேதியியலாளர் லெதர் இந்திய மண்ணை வண்டல், கரிசல், செம்மண், சரளை (லேட்டரைட்) என்று நான்காகப் பிரித்தார். அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். பள்ளிப்பாடம் இன்னும் அதைச் சுற்றியே நிற்பதுதான் எனக்கு வருத்தம்.

அதற்கு முன்பே, 1883இல், ரஷ்யாவின் தொக்குச்சாயெவ் வேறு வழி காட்டியிருந்தார். மண் வெறும் பாறைப்பொடி அல்ல. தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் சரிவு, வயது எல்லாம் சேர்ந்து உருவாக்குவது. ஆகவே குழி வெட்டி, அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். 1975இல் அமெரிக்கா வெளியிட்ட வகைப்பாடும் அடுக்குகளைத்தான் கேட்கிறது. நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வுப் பணியகமும் அதையே பின்பற்றுகிறது. கோவையில் இருகூர், பீளமேடு என்று ஊர்ப்பெயரிலேயே மண் தொடர்கள் உண்டு. முதலாவது செம்மண், மற்றது கரிசல்.

"செம்மண் பூமி" என்ற மனை விளம்பரத்துக்கும் இதே பதில்தான். பள்ளமான மனைகளில் மேலே தெரிவது பலசமயம் டிப்பர் லாரி கொட்டிய சவுடு. அஸ்திவாரத்துக்கு முன் துளை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.