இரண்டு கிராபிக்ஸ் சில்லு, ஒரு பற்றரி: லினக்ஸில் எந்த முறை உங்களுக்கு?

மே முதல் ஒக்டோபர் வரை அறுகம்பேயில் அலைச்சறுக்கு வீடியோ, சீசன் முடிந்தால் கலியாண வீட்டு வீடியோ. பொத்துவிலில் கமரா தூக்குகிறவர் இந்த வேலைக்கென்று வாங்கும் லப்டொப்பில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் இருக்கும். இன்டெல் சிக்கனமானது. என்விடியா வலுவானது, ஆனால் பற்றரியைக் குடித்துவிடும். எதற்கு எப்போது வேலை என்பதை விண்டோஸில் 2010இல் வந்த ஒப்டிமஸ் நுட்பம் பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில் அந்த முடிவு உங்கள் கையில். சரியாக எடுத்தால், மாரி மழையில் கரண்ட் போன இரவிலும் எடிட்டிங் நிற்காது.

முதலில் சில்லின் பெயர்

செட்டிங்ஸில் கணினி விவரங்களைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஏஎம்டி என்றால் கவலையில்லை. ட்ரைவர் கேர்னலோடே வருகிறது. என்விடியா என்றால் தலைமுறை முக்கியம். 2018இல் வந்த டியூரிங்கும் அதற்குப் பிந்தியவையும் (ஜிடிஎக்ஸ் 1650, எம்எக்ஸ் 450, ஆர்டிஎக்ஸ் வரிசை) வேலையில்லாதபோது தாமே அணைந்துகொள்ளக்கூடியவை. அதற்கு முந்திய பாஸ்கலுக்கு (ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ் 150, எம்எக்ஸ் 350) அந்த வசதி இல்லை.

மூன்று முறைகள்

உபுண்டுவில் என்விடியா ட்ரைவரை நிறுவியதும் 'பிரைம் செலக்ட்' என்ற கட்டளையும் கூடவே வரும். அதில் மூன்று தெரிவுகள்.

இன்டெல் மட்டும்: என்விடியா ஓய்வில் இருக்கும். பற்றரி அதிக நேரம் நிற்கும், சூடும் குறைவு. ஆனால் பல லப்டொப்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு இணைந்திருப்பதால், புரொஜெக்டரில் படம் வராது.

என்விடியா மட்டும்: திரை முழுவதையும் அதுவே வரையும். எச்டிஎம்ஐ சிக்கலின்றி ஓடும். மின்சாரம் செருகி, மேசையில் வைத்து வேலை செய்பவருக்கு ஏற்றது. பற்றரியில் இதை வைத்திருப்பது வீண்.

தேவைக்கேற்ப: திரையை இன்டெல் வரையும், நீங்கள் சொல்லும் மென்பொருள் மட்டும் என்விடியாவுக்குப் போகும். 2019இல் வந்த 435 ட்ரைவரிலிருந்து இது கிடைக்கிறது. க்னோம் டெஸ்க்டொப்பில் பிளெண்டர் போன்றதன் ஐகனில் வலது கிளிக் செய்தால், தனிக் கிராபிக்ஸ் அட்டையில் திறக்கும் தெரிவு வரும்.

எதை எடுப்பது?

டியூரிங் அல்லது புதியது என்றால் யோசிக்கவே வேண்டாம்: 'தேவைக்கேற்ப' முறையை வையுங்கள். பாஸ்கல் என்றால் வெளியில் போகும் நாட்களில் 'இன்டெல் மட்டும்', பெரிய வேலை வரும்போது 'என்விடியா மட்டும்'. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரீஸ்டார்ட் போடுங்கள். வீடியோ எடிட்டிங் மென்பொருளான கேடென்லைவ் பெரும்பாலும் புரொசசரில் ஓடுவதால், வெட்டி ஒட்டும் வேலைக்கு இன்டெல்லே போதும்.

ஓர் எச்சரிக்கை. செக்யூர் பூட் இயங்கும் லப்டொப்பில், ட்ரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் 'தொடர்' என்பதை அழுத்திவிடாதீர்கள். 'என்ரோல்' என்பதைத் தெரிவுசெய்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ட்ரைவர் ஏறாது.

கல்முனைக்குப் போய்ப் பழைய லப்டொப் வாங்க நினைப்பவர்கள், ரெம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் சில்லின் பெயரைக் கேளுங்கள். 1050க்கும் 1650க்கும் எழுத்தில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். லினக்ஸ் போட்டு, கரண்ட் இல்லாத இரவில் உட்காரும்போது அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.