மலையிறங்கிய அம்பாசிடரும் ரப்பர் புஷ்ஷும்

முறுக்கு ஊசல் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். கம்பியில் தொங்கும் தட்டைச் சிறிது திருகிவிட்டு, அலைவு நேரத்தைக் குறித்து, விறைப்புக் குணகத்தைக் கணக்கிட்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். நானும் அப்படி மறந்தவன்தான். அதை நினைவூட்டியது எங்கள் வீட்டுக் கார்.

என் தந்தையார் வாடகைக்கு ஓட்டுவது ஒரு பழைய அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. எங்கள் வண்டியிலிருந்த 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, அதைவிடக் கனமான டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். பாரம் தாளாமல் முன்பக்கம் தாழ்ந்தது. இவ்வண்டிக்கு முன்னே சுருள்வில் கிடையாது. அடியில் நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியே வில். நம் முறுக்கு ஊசலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்! பட்டறையில் அதைத் திருப்பி வைத்து முன்பக்கத்தை உயர்த்தினார்கள்.

சில மாதங்களில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டொக்' என்றொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஷாக் அப்சார்பரை மாற்றினோம். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. சென்ற கோடை விடுமுறையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இடப்பக்கம் வெட்டி இழுத்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தார்கள். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் முதல் வண்டி வீட்டு வாசலில் நின்றது. என் கல்லூரிக் கட்டணமும் அதனுடன் நின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நாங்கள் செய்த சோதனை மிக எளியது. வண்டியைப் பட்டறைக் குழிமேல் நிறுத்தினோம். அப்பா பிரேக்கை மிதித்திருக்க, இருவர் வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்கள். நான் குழிக்குள் நின்று பார்த்தேன். இடச்சக்கரத்தின் கீழ்க்கை ஒவ்வொரு தள்ளலுக்கும் பின்னோக்கி நகர்ந்தது. அதன் உட்புறப் புஷ் கிழிந்திருந்தது. சக்கரம் இப்படிப் பின்வாங்கினால் அதன் சாய்வுக் கோணம் மாறும். வண்டி அப்பக்கம் இழுக்கும். புதுப் புஷ் போட்டோம். சத்தம் அடங்கியது.

மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது! "போலிச் சரக்குடா" என்றார் அப்பா. எனக்கு ஐயம் வேறு.

ரப்பர் புஷ் தாங்கியைப் போல வழுக்கிச் சுழல்வதன்று. போல்ட்டை இறுக்கியபின் அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிடிபட்டுவிடும். கை ஏறி இறங்கும்போது நடுவிலுள்ள ரப்பரே முறுகி நிமிர வேண்டும். ஆகவே எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதன் ஓய்வு நிலை. மெக்கானிக் அண்ணன் ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருந்தார். பெரும்பாலான பட்டறைகளில் அப்படித்தான், கை போக வசதி என்று!

ஒரு மாதிரிக் கணக்கு. உள் ஆரம் 8 மி.மீ., ரப்பரின் தடிமனும் 8 மி.மீ. என்று கொள்வோம். சரியாக இறுக்கிய புஷ் ஒரு குழியில் 15 பாகை முறுகினால் உட்பரப்பு சுமார் 2 மி.மீ. நகரும். தொங்கிய நிலையில் இறுக்கியதால், வண்டி நிற்கும்போதே 20 பாகை முறுகியிருந்தால்? அதே குழியில் 35 பாகை. நகர்வு சுமார் 5 மி.மீ. ஊசல் கம்பிக்காவது திருகியபின் விடுதலை உண்டு, இந்த ரப்பருக்கு இரவிலும் ஓய்வில்லை. முதற்புஷ் கிழிந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: முன்பக்கத்தை உயர்த்தியபோது கையின் கோணம் மாறியது, புஷ்ஷை யாரும் தளர்த்தி இறுக்கவில்லை. போதாததற்கு, கிறீச்சொலிக்கு அப்பா எஞ்சின் ஆயிலை வேறு ஊற்றியிருந்தார். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதி மென்மையாகிவிடும். சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும். கிறீச்சொலி சற்று நேரம் நின்றால் எந்தப் புஷ் என்று தெரிந்துவிடும்.

மெக்கானிக் அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "படிச்ச புள்ள சொல்றியே, பாத்துடலாம்" என்றார். புதுப் புஷ்களைப் போட்டு, நட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைக் கீழே இறக்கினோம். முன்பக்கத்தைப் பலமுறை அமுக்கி விட்டு, சிறிது உருட்டி நிலைக்கு வரச் செய்து, பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே குழியிலிருந்து இறுக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் புகுந்துவிடாதீர்கள்.

பத்து மாதங்களாகின்றன. ஏற்காட்டுக்கு அப்பா ஆறு முறை போய் வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் இறங்கியதும் என்னைக் குழிக்குள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்.