வேடதாரி அச்சமும் நிரல் எழுதுவோர் மனநலமும்

கல்லாதவன் தன்னைக் கற்றவனாகக் காட்டிக்கொள்வது பழைய செய்தி. கற்றவனே தன்னைக் கல்லாதவன் என்று நம்பி, அது என்று வெளிப்படுமோ என நாள்தோறும் நடுங்குவது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. தேர்வில் முதல் வகுப்பு, நேர்முகத்தில் வெற்றி, எழுதிய நிரலும் ஒழுங்காக ஓடுகின்றது. ஆயினும் உள்ளே ஒரு குரல், 'எல்லாம் தற்செயல். உனக்கு ஒன்றும் தெரியாது. நாளை கண்டுபிடித்துவிடுவார்கள்' என்கின்றது. மென்பொருள் துறையில் இருப்போரும் அதற்கெனப் பயில்வோரும் இக்குரலை நன்கு அறிவர். ஆங்கிலத்தில் இதனை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்பர். நாம் 'வேடதாரி அச்சம்' எனலாம்.

இதற்குப் பெயரிட்டவர்கள் அமெரிக்க உளவியலறிஞர் இருவர். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அவ்விரு பெண்மணிகளும் 150க்கு மேற்பட்ட பெண்களை அறிந்து ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டாக்டர் பட்டம் பெற்றவர்களும், தொழிலில் மதிப்புடையவர்களும், சிறந்த மாணவியரும் அவர்களுள் இருந்தனர். வெற்றியெல்லாம் நற்பேற்றால் வந்தது, பிறர் தம்மைத் தவறாக உயர்த்தி மதிப்பிட்டுவிட்டனர் என்பதே அவர்கள் எண்ணம். ஆண்களிடத்தும் இது உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: கிளான்சும் ஐம்சும் இதனை நோய் என்று கூறவில்லை. மனநோய்களை வகைப்படுத்தும் மருத்துவ நூல்களிலும் இஃது ஒரு நோயாக இடம்பெறவில்லை. 2020இல் 62 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய ஒரு தொகுப்பாய்வு, இவ்வுணர்வு உடையோர் நூற்றுக்கு 9 முதல் 82 வரை என்று கண்டது. அளக்கும் கோலுக்கேற்ப அளவு மாறுகின்றது! ஆகவே 'நூற்றுக்கு இத்தனை பேர்' என்று யாரேனும் அடித்துப் பேசினால் சற்று ஐயத்தோடு கேட்பதே நன்று.

இனி, நிரல் எழுதுவோரை இவ்வச்சம் ஏன் குறிப்பாகப் பற்றுகின்றது? அவர்கள் வேலையின் இயல்பைப் பாருங்கள். தச்சர் நாள் முழுதும் வேலை செய்தாலும் மரம் அவரைப் பார்த்து, 'நீ செய்தது பிழை' என்று சொல்வதில்லை. கம்பைலரோ ஒரு நாளில் நூறு முறை சொல்கின்றது. பிழையைக் காண்பதும் களைவதுமே இத்தொழிலின் பெரும்பகுதி; ஆனால் பிழைச்செய்தியைப் படிப்பவர் அதனைத் தம்மைப் பற்றிய தீர்ப்பாகப் படித்துவிடுகின்றார். மேலும், ஒருவர் எழுதும் நிரல் பிறர் எழுதிய நூறு நிரல்களின் மேல் நிற்கின்றது. அடிமுதல் முடிவரை முற்றும் அறிந்தவர் எவரும் இலர். ஐந்தாண்டு முன் கற்ற கருவி இன்று பழையதாகின்றது. இப்பொழுது பொறியே நிரல் எழுதித் தருவதால், 'இதில் என் பங்கு என்ன?' என்ற கலக்கமும் சேர்ந்துகொண்டது. பொறி தந்த ஒவ்வொரு வரியையும் நீங்கள் விளக்க இயலுமாயின் அந்நிரல் உங்களுடையதே. இயலாதாயின் அங்கே கற்க வேண்டியது இருக்கின்றது, அவ்வளவுதான்.

இத்தொழிலே தொடக்கத்தில் ஒரு வேடதாரியாகத்தான் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். குறுகிய வழி காணும் முறையை நமக்குத் தந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைக் கணினி மாணவர் எவரும் அறிவர். அவர் 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரல் எழுதும் பணியில் சேர்ந்தார். உடன் பௌதிகமும் பயின்றுவந்தார். மூன்றாண்டு சென்றபின் அவரைப் பெருங்குழப்பம் பிடித்தது. பொறியை அமைக்கும் நண்பர்களை, 'உங்கள் திறமை யாது?' என்று கேட்டால், வெற்றிடக் குழாய்களைப் பற்றியும் மின்சுற்றுகளைப் பற்றியும் அறிவோம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். தம்மைக் கேட்டாலோ வெறுங்கையோடு நிற்க நேரும் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சத்தோடு, தம் தலைவரான வான் வைன்கார்டனின் அறைக் கதவைத் தட்டினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். இத்துறைக்கு இன்னும் உறுதியான அறிவுத்தொகுதி இல்லை என்பதை அவர் மறுக்கவில்லை. கணினிகள் நிலைத்து நிற்கப்போகின்றன, நாம் தொடக்கத்தில் இருக்கின்றோம், அத்தொகுதியை ஆக்குவோருள் நீயும் ஒருவனாக இருக்கக்கூடாதா என்று வினவினார். டைக்ஸ்ட்ராவின் வாழ்வு அன்று திரும்பியது. 1957இல் அவர் மணந்தபோது, தம் தொழில் நிரல் எழுதுதல் என்றார். அப்படி ஒரு தொழில் இல்லை என்று நகர அதிகாரிகள் மறுத்துவிட்டனர். பதிவேட்டில் 'பௌதிகர்' என்றே எழுதப்பட்டது! இவற்றையெல்லாம் 1972ஆம் ஆண்டின் டூரிங் பரிசுப் பேருரையில் அவரே கூறியுள்ளார். அவ்வுரைக்கு அவர் இட்ட தலைப்பு 'பணிவுள்ள நிரலர்' என்னும் பொருளது. தம் மூளையின் அளவு சிறியது என்று உணர்ந்தவரே நன்றாக நிரல் எழுதுவார் என்பது அவர் கருத்து. 'எனக்கு எல்லாம் தெரியாது' என்ற அதே உண்மை, ஒருவரை அச்சத்துக்கும் இன்னொருவரைக் கவனமான வேலைக்கும் கொண்டுசெல்கின்றது.

நம் மாயாபந்தருக்கு வருவோம். வட, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் இது. ஸ்ரீ விஜயபுரம் என இன்று வழங்கும் போர்ட் பிளேரிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நெடுங்காலம் இத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இட்ட ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10ஆம் நாள்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அது கரையேறிய இடங்களுள் நமக்கு அருகில் உள்ளது ரங்கத். ஆக, சென்னை மாணவர் எட்டாம் வகுப்பிலேயே வீட்டிலமர்ந்து பாடப்படங்களைப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில், இவ்வூர் மாணவர் ஒரு பக்கம் திறக்கக் காத்திருந்தார். இருவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். 'கிட்', 'டெர்மினல்' என்று ஆசிரியர் சொல்லும்போது ஒருவர் தலையசைக்கின்றார். மற்றவரும் தலையசைக்கின்றார், தெரியாமலே. அந்தத் தலையசைப்பில்தான் தொல்லை தொடங்குகின்றது.

வீட்டிலும் அவர் வாய் திறப்பதில்லை. பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கின்றான் என்பது ஜெட்டியில் நிற்பவர் வரை தெரிந்திருக்கும். தொலைபேசியில், 'நன்றாகப் படிக்கிறேன், அம்மா' என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? இன்னொன்றும் உண்டு, நம் மன்றத்து நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தியும் வங்காளமும் கலந்து ஒலிக்கும் தீவுத் தமிழைக் கேட்டு நாம் சிரித்தால், அம்மாணவர் வகுப்பில் மட்டுமா, தமிழ் மன்றத்திலும் வேடதாரியாகிவிடுகின்றார்.

இத்தகைய மாணவரிடம், 'எல்லாம் உன் கற்பனை' என்று தேற்றுவது பயன் தராது. சில அவருக்கு உண்மையாகவே தெரியாது. ஆனால் 'எனக்கு இவை தெரியா' என்பது ஒரு பட்டியல். 'நான் ஒன்றுக்கும் ஆகேன்' என்பது ஒரு தீர்ப்பு. பட்டியலைத் தாளில் எழுதலாம். வாரத்துக்கு ஒன்றாக அடிக்கலாம். நம் மன்றத்தின் மேல்வகுப்பு மாணவர் மாலையில் ஒரு மணி நேரம் உடனமர்ந்தால், அப்பட்டியல் ஒரு பருவத்தில் பாதியாகும். பொய்யான அனுபவச் சான்று வாங்கி வேலை தேடுவோரும் அஞ்சுகின்றனர். அவர்தம் அச்சம் நியாயமானது, அதற்கு இக்கட்டுரையில் மருந்தில்லை.

பிழையைக் கண்டு கூசுவோர் டொனால்டு நூத்தைப் பார்க்கட்டும். தம் நூல்களில் பிழை கண்டு எழுதுவோர்க்கு 2 டாலர் 56 சென்ட் அனுப்புவதை அவர் வழக்கமாக்கினார். அச்சுக்கோப்புக்காகத் தாம் எழுதிய 'டெக்' என்னும் மென்பொருளில் நேர்ந்த பிழைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, 1989இல் அவற்றைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். நாமும் ஒரு குறிப்பேடு வைக்கலாம்: பிழை யாது, காரணம் யாது, எவ்வாறு தீர்ந்தது என்ற மூன்றே பத்திகள் போதும். மனம் நற்பேறு என்று சொல்வதை அக்குறிப்பேடு மறுக்கும்.

அச்சம் நோயன்று என்றோம். ஆனால் நெடுநாள் நீடித்தால் நோய்க்கு வழிவிடக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் பற்றின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றினால் குறிப்பேடு போதாது. மருத்துவரை நாட வேண்டும். உயிர் மாய்க்கும் எண்ணம் வந்தாலோ ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. சொன்னது வெளியே பரவுமோ என்று தயங்க வேண்டா. சிகிச்சை பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்துள்ளது. நடுவணரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். விடுதியின் அறிவிப்புப் பலகையில், உணவுப் பட்டியலுக்குப் பக்கத்தில், இவ்வெண்ணை இந்த வாரமே எழுதிவைக்குமாறு மன்றச் செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றேன்.